19 ஏக்கர், 99 ஆண்டு, 10 டாலர்

ஒபாமா மையத்துக்குச் சிகாகோ தன் பொதுப் பூங்காவைக் கொடுத்தது சரியா?

சிகாகோ நகரின் தென்பகுதியில், மிஷிகன் ஏரிக்கரையை ஒட்டிய ஜாக்சன் பூங்காவில் 225 அடி உயரக் கோபுரம் ஒன்று எழுந்து நிற்கிறது. அமெரிக்காவின் முதல் கறுப்பின அதிபர் பராக் ஒபாமாவின் பெயரில் அமைந்த மையம் அது. அருங்காட்சியகம், நகரப் பொது நூலகத்தின் ஒரு கிளை, கூட்ட அரங்கு, விளையாட்டு அரங்கம், குழந்தைகள் விளையாடும் திடல், தோட்டங்கள் என்று 19.3 ஏக்கரில் பரந்திருக்கிறது. 2021 செப்டம்பரில் கட்டுமானம் தொடங்கியபோது செலவு 83 கோடி டாலர் என்று மதிப்பிட்டார்கள். அந்தப் பணத்தை நன்கொடையாகத் திரட்டியது ஒபாமா அறக்கட்டளை. அந்த அறக்கட்டளை நிலத்துக்காக நகரத்துக்குக் கொடுத்தது 10 டாலர். 99 ஆண்டுகள் பயன்படுத்தும் உரிமைக்கு மொத்தத் தொகையே அவ்வளவுதான்.

2016-ல் இடம் தேர்வான நாளிலிருந்து இந்த ஏற்பாடு சிகாகோவைப் பிளந்தது. ஒபாமாவுக்கு வாக்களித்தவர்களே, அவரோடு ஒரே பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர்களே எதிரெதிர் அணிகளில் நின்றார்கள். வழக்குகள் ஆறு ஆண்டுகள் நீடித்து 2024-ல் முடிந்தன. நகரமும் அறக்கட்டளையும் வென்றன.

ஒபாமாவுக்கு ஒரு நினைவு மையம் தேவை. சிகாகோவின் தென்பகுதிக்கு முதலீடு அதைவிடத் தேவை. இந்த இரண்டிலும் எனக்கு ஐயமில்லை. இருந்தும் பூங்காவிலிருந்து இடம் கொடுத்தது தவறான முடிவு என்பதே என் எண்ணம். எதிர்த்தரப்பின் வலுவான வாதங்களையும் சேர்த்து எடைபோட்டுத்தான் இதைச் சொல்கிறேன்.

பூங்கா வந்த வழி

நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கை வடிவமைத்த ஃபிரெடெரிக் லா ஓம்ஸ்டெடும் கால்வெர்ட் வாக்ஸும் 1871-ல் சிகாகோவின் தென்பகுதிக்கு ஒரு பூங்காத் திட்டம் வரைந்து கொடுத்தார்கள். ஏரிக்கரையில் ஜாக்சன் பூங்கா, உள்ளே தள்ளி வாஷிங்டன் பூங்கா, இரண்டையும் இணைக்கும் நீண்ட பசும்பட்டையாக மிட்வே பிளெசான்ஸ். எல்லாம் சேர்ந்து ஆயிரம் ஏக்கருக்கு மேல். வீட்டில் தோட்டம் வைக்க வசதியில்லாதவருக்கும் மரநிழலும் நீர்ப்பரப்பும் திறந்த வெளியும் கிடைக்க வேண்டும் என்பது அந்தத் தலைமுறைப் பூங்காக்காரர்களின் அடிப்படை நம்பிக்கை.

1893-ல் இங்கேதான் கொலம்பஸ் உலகப் பொருட்காட்சி நடந்தது. ஆறு மாதத்தில் சுமார் 2.7 கோடி வருகைகள் பதிவாயின. அந்தப் பொருட்காட்சியின் பகுதியாக, நகரின் மையத்திலிருந்த வேறொரு கட்டடத்தில் கூடிய சர்வ சமயப் பேரவையில்தான் சுவாமி விவேகானந்தர் பேசினார்.  

உலகமே வந்து வியந்த அந்தப் பொருட்காட்சியை ஏற்பாடு செய்ததில் கறுப்பின அமெரிக்கர்களுக்கு உரிய இடம் தரப்படவில்லை. இதழாளர் ஐடா பி. வெல்ஸ் அதைக் கண்டித்துச் சிறுநூல் வெளியிட்டார். அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்து பெருந்தலைவரான ஃபிரெடெரிக் டக்ளஸ், ஹெய்தி நாட்டின் அரங்கில் அந்த நாட்டின் பிரதிநிதியாகத்தான் நிற்க முடிந்தது. அதே மண்ணில் ஒரு கறுப்பின அதிபரின் மையம் எழும்போது, தென்பகுதி மக்களில் பலர் அதை ஒரு வரலாற்றுக் கடன் தீர்வதாகப் பார்த்தார்கள். அந்த உணர்வைப் புரிந்துகொள்ளாமல் இந்த விவாதத்தில் யாரும் நியாயமாகப் பேச முடியாது.

பொருட்காட்சி முடிந்தபின் 1895-ல் ஓம்ஸ்டெட் நிறுவனம் பூங்காவை மறுபடி வடிவமைத்தது. பொருட்காட்சியில் எஞ்சிய நுண்கலை மாளிகை மட்டும் பெரிய கட்டடமாக இருக்கட்டும், மற்றவை அடக்கமாக நிலக்காட்சிக்குள் ஒதுங்கட்டும் என்பது அந்தத் திட்டத்தின் அடிநாதம். அந்த மாளிகை இன்று அறிவியல் தொழில் அருங்காட்சியகமாக இருக்கிறது. 1972-ல் பூங்கா தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் சேர்ந்தது.

ஆனால் பூங்காவை வெட்டியெடுப்பதும் நெடுநாள் வழக்கம். பனிப்போர் காலத்தில் ராணுவம் இங்கே ஏவுகணைத் தளம் அமைத்தது. 1960-களில் கார்களுக்காகச் சாலையை அகலப்படுத்த நூற்றுக்கணக்கான மரங்கள் வெட்டப்பட்டன. தடுக்க முயன்றவர்கள் தங்களை மரங்களோடு பிணைத்துக்கொண்டு போராடினார்கள். ஒவ்வொரு முறையும் அன்றைய அவசரம் ஒன்று காரணமாக இருந்தது. பூங்கா மட்டும் ஒவ்வொரு முறையும் விட்டுக்கொடுக்கும் பக்கத்திலேயே இருந்தது.

வேண்டும் என்றவர்கள்

ஒபாமாவின் பொதுவாழ்வு தொடங்கியதே சிகாகோவின் தென்பகுதியில்தான். 1985-ல் சமூக அமைப்பாளராக வந்தவர், பிறகு சிகாகோ பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியில் பல ஆண்டுகள் பாடம் நடத்தினார். மிஷெல் ஒபாமா வளர்ந்தது பூங்காவுக்குத் தெற்கே உள்ள சவுத் ஷோரில். நியூயார்க்கும் ஹவாயும் இந்த மையத்துக்காகப் போட்டியிட்டபோது, 2015-ல் அவர் தென்பகுதியைத் தேர்ந்தெடுத்தது இயல்பான முடிவு.

பூங்காவின் மேற்கே இருக்கிறது உட்லான். 1960-ல் அங்கே 80,000 பேருக்கு மேல் வசித்தார்கள். பிறகு வேலைகள் போயின, கடைகள் மூடின, வீடுகள் எரிந்தன, இடிந்தன. மக்கள்தொகை மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. நகரத்தின் பெருமைமிக்க கட்டடங்களும் சுற்றுலாப் பயணிகளும் பெரும்பாலும் நகர மையத்துக்கே போவதைப் பார்த்துப் பார்த்து அலுத்தவர்கள் உட்லான் மக்கள். ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோரை இழுக்கும் ஒரு மையம், அதுவும் தங்கள் பகுதியிலிருந்து போன ஒருவருடைய பெயரில், தங்கள் வாசலுக்கு வருகிறது என்றால் அவர்கள் வரவேற்றதில் வியப்பில்லை.

ஆதரவாளர்களின் மற்ற வாதங்களும் சத்தற்றவை அல்ல. சிகாகோவில் அருங்காட்சியகங்கள் பூங்காக்களில் இருப்பது புதிதல்ல. கறுப்பின வரலாற்றைச் சொல்லும் டூசாபிள் அருங்காட்சியகம் வாஷிங்டன் பூங்காவில் இருக்கிறது. பூங்கா நிலத்தில் அருங்காட்சியகம் கட்ட அனுமதிக்கும் மாநிலச் சட்டம் நெடுங்காலமாக உண்டு. 2015-ல் அதைத் திருத்தி அதிபர் மையங்களுக்கும் தெளிவாக வழி செய்தார்கள். ஜாக்சன் பூங்காவைக் குறுக்கே பிளந்து ஓடிய கார்னெல் டிரைவ் என்ற அகலச் சாலையின் ஒரு பகுதியை மூடிப் பசுமையாக்குவது திட்டத்தின் ஓர் அங்கம். சில கட்டடங்களின் கூரைமேலும் செடிகொடி வளர்க்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் பசுமை குறையவில்லை என்பது அறக்கட்டளையின் வாதம். நிலம் நகரத்துக்கே சொந்தம், கட்டி முடித்தால் கட்டடங்களும் நகரத்துக்கே என்று அதிகாரிகள் சுட்டிக்காட்டினார்கள். 2018 மே மாதம் மாநகர மன்றம் 47-க்கு 1 என்ற வாக்கில் திட்டத்தை ஏற்றது.

வேண்டாம் என்றவர்கள்

எதிர்த்தவர்கள் ஒரே குரலில் பேசவில்லை. சிலர் பூங்கா ஆர்வலர்கள். சிலர் வரலாற்றுப் பாதுகாப்பாளர்கள். 2018 ஜனவரியில் சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் ஒரு கடிதத்தில் கையெழுத்திட்டார்கள். மையம் தென்பகுதிக்கு வருவதை அவர்கள் வரவேற்றார்கள். பூங்காவுக்குள் வருவதை ஏற்கவில்லை. சுற்றுப்புறக் கடைத்தெருக்களோடு ஒட்டாமல் பூங்காவுக்குள் தனித்து நிற்கும் மையத்தால் அக்கம்பக்கத்துக்கு என்ன வருமானம் வரும் என்பது அவர்கள் கேள்வி. மிட்வே பசும்பட்டையில் கார் நிறுத்தும் கட்டடம் எழுப்பும் திட்டமும் அப்போது இருந்தது. கடும் எதிர்ப்பு வந்ததும் அதைக் கைவிட்டு நிலத்தடியில் நிறுத்தகம் அமைத்தார்கள். குரல் கொடுத்தால் மாற்றம் வரும் என்பதற்கு அது ஒரு சான்று.

இன்னொரு தரப்பு உட்லான், சவுத் ஷோர் வாடகைதாரர்கள். அவர்கள் மையத்தை எதிர்க்கவில்லை. மையம் வந்தால் வாடகை ஏறும், தாங்கள் வெளியேற நேரும் என்று அஞ்சினார்கள். உள்ளூர் மக்களுக்கான பயன்களை எழுத்தில் உறுதிசெய்யும் ஒப்பந்தம் கேட்டார்கள். அறக்கட்டளை அப்படிக் கையெழுத்திட மறுத்தது. அவர்களின் தொடர்ந்த போராட்டத்தால் 2020-ல் உட்லான் வீட்டுவசதிப் பாதுகாப்புச் சட்டத்தை மாநகர மன்றம் நிறைவேற்றியது. குறைந்த வருமானக்காரர்களின் வீடுகளுக்காக, நகரத்தின் கையிலிருந்த காலி மனைகளில் 52-ஐ அந்தச் சட்டம் ஒதுக்கியது.

அந்தக் காலி மனைகள்தான் இந்த விவாதத்தின் மையம் என்று நான் கருதுகிறேன். ஆள் குறைந்து, வீடு இடிந்து, புல் மண்டிக் கிடக்கும் மனைகள் உட்லானிலும் வாஷிங்டன் பூங்காப் பகுதியிலும் ஏராளம். வாஷிங்டன் பூங்காவை ஒட்டிய இடமும் இறுதிச் சுற்றுவரை பட்டியலில் இருந்தது. அதன் மேற்கே நகரமும் பல்கலைக்கழகமும் வாங்கி வைத்திருந்த நிலம் உண்டு, பசுமைத் தட ரயில் நிலையம் உண்டு. அங்கே கட்டியிருந்தால் முதலீடு எந்தத் தெருவுக்குத் தேவையோ அந்தத் தெருவிலேயே இறங்கியிருக்கும், பூங்காவின் பெரும்பகுதியும் தப்பியிருக்கும். ஆனால் ஏரியைப் பார்த்த பூங்கா அழகானது; சிதறிக் கிடக்கும் மனைகளை வாங்கிச் சேர்க்கும் தொல்லை அங்கே இல்லை. திட்டத்துக்காகவும் சாலை மாற்றங்களுக்காகவும் சுமார் 800 மரங்களை அகற்ற நேர்ந்தது. சாலை வேலைகளுக்கு மாநில அரசு ஒதுக்கியது சுமார் 17.4 கோடி டாலர். தனியார் நன்கொடையில் எழும் மையம் என்று சொல்லப்பட்டதற்குப் பின்னால் இப்படிப் பொதுப் பணமும் இருக்கிறது.

ஆவணங்கள் இல்லாத மையம்

திட்டத்தின் நடுவழியில் ஒரு பெரிய மாற்றம் நடந்தது. அதிபர் நூலகம் என்ற ஏற்பாட்டைத் தொடங்கியவர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட். நியூயார்க் மாநிலத்தில் ஹைட் பார்க்கிலிருந்த தம் சொந்தப் பண்ணை நிலத்தைக் கொடுத்து, தம் கோப்புகளைத் தேசிய ஆவணக் காப்பகத்திடம் ஒப்படைத்தார். 1941-ல் அது திறந்தது. 1955-ல் அதற்கெனச் சட்டம் வந்தது. அதன்பின் வந்த அதிபர் நூலகங்களில் பெரும்பாலானவற்றில் அரசு ஆவணக் காப்பாளர்கள் வேலை செய்தார்கள், ஆய்வாளர்கள் வந்து படித்தார்கள்.

ஒபாமா அறக்கட்டளை 2017-ல் வேறு வழியை எடுத்தது. காகிதக் கோப்புகள் சிகாகோ மையத்துக்கு வராது. ரகசியமல்லாத சுமார் 3 கோடிப் பக்கங்களை மின்னணு வடிவில் மாற்றும் செலவை அறக்கட்டளை ஏற்கும். ஆவணங்கள் காப்பகத்தின் பொறுப்பிலேயே வேறு இடத்தில் இருக்கும் என்று முடிவானது. அந்த ஆட்சிக் காலப் பதிவுகளில் மிகப் பெரும்பகுதி கணினியிலேயே பிறந்தவை. அதனால் ஆய்வாளர்களுக்கு இதில் வசதியும் உண்டு. ஆனால் பூங்கா நிலம் கேட்கப்பட்டபோது பேசப்பட்டது கூட்டாட்சி அரசு நடத்தும் ஒரு நூலகம் பற்றி. வந்திருப்பது அறக்கட்டளை தானே நடத்தும் அருங்காட்சியகமும் நிகழ்ச்சி வளாகமும். கேட்டது மாறியபோது, கொடுக்கலாமா என்பதையும் நகரம் முதலிலிருந்து திரும்ப யோசித்திருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை.

நீதிமன்றங்கள் எதைப் பார்த்தன?

‘புரொடெக்ட் அவர் பார்க்ஸ்’ என்ற அமைப்பு 2018 மே மாதம் வழக்குத் தொடுத்தது. பூங்கா வாரியம் நிலத்தை நகரத்துக்கு மாற்ற, நகரம் அதை அறக்கட்டளைக்குக் கொடுத்த முறையை அது எதிர்த்தது. நீதிபதி ஜான் ராபர்ட் பிளேக்கி 2019 ஜூனில் நகரத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். 2020 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம், பொது நிலம் பற்றிய முக்கியக் குற்றச்சாட்டைக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் எழுப்ப மனுதாரர்களுக்குத் தகுதியில்லை என்றது. அந்தத் தீர்ப்பை எழுதியவர் ஏமி கோனி பேரட். சில வாரங்களில் உச்ச நீதிமன்றத்துக்கு முன்மொழியப்பட்டவர் அவர். 2021-ல் சட்டப் பேராசிரியர் ரிச்சர்ட் எப்ஸ்டைன் துணையோடு இரண்டாவது வழக்கு வந்தது. கட்டுமானத்தை நிறுத்தக் கோரிய அவசர மனு உச்ச நீதிமன்றம்வரை போய்த் தள்ளுபடியானது. 2024-ல் எல்லாம் முடிந்தது.

இந்த வழக்குகளில் என்னை உறுத்துவது ஒரு நுணுக்கம். வரலாற்றுப் பூங்காவுக்கு இத்திட்டம் பாதகம் செய்யும் என்று கூட்டாட்சி ஆய்வே ஒப்புக்கொண்டது. ஆனால் மையத்தை எங்கே வைப்பது என்பது நகரத்தின் உள்ளூர் முடிவு, அதில் மாற்று இடங்களை ஆராய்வது கூட்டாட்சி அரசின் வேலையல்ல என்றார்கள் கூட்டாட்சி அதிகாரிகள். நீதிமன்றமும் அதை ஏற்றது. எந்த இடம் நல்லது என்று தீர்மானிப்பது நீதிபதிகளின் வேலையல்ல என்று அது ஒதுங்கிக்கொண்டது. அந்த முடிவை எடுத்த நகரமும் நடுநிலையில் இல்லை: இடம் தேர்வானபோது மேயராக இருந்த ராம் இமானுவேல், ஒபாமாவின் வெள்ளை மாளிகையில் தலைமை அலுவலராக இருந்தவர். ஆகப் பூங்காவைத் தவிர வேறு இடமே இல்லையா என்ற கேள்வியை, பதில் சொல்லியே தீர வேண்டிய கடமையோடு யாரும் எதிர்கொள்ளவில்லை.

இழப்பீட்டின் கதையும் அதே போன்றதுதான். 1980-களில் ஜாக்சன் பூங்காவுக்குக் கூட்டாட்சி மானியம் வந்திருந்தது. அதன் நிபந்தனைப்படி, பொழுதுபோக்கு இடம் குறைந்தால் ஈடாக வேறிடம் தர வேண்டும். நகரம் காட்டிய ஈடு மிட்வே பசும்பட்டையின் கிழக்கு முனை. அது ஏற்கெனவே பூங்கா. மக்களின் ஒரு பூங்காவை எடுத்துக்கொண்டு, அவர்களிடம் இருந்த இன்னொரு பூங்காவையே அதற்கு ஈடாகக் காட்டினார்கள்.

மற்ற அதிபர்கள், மற்ற ஊர்கள்

இதுபோன்ற மோதலை அமெரிக்கா முன்பே பார்த்திருக்கிறது. ஜான் கென்னடியின் நூலகம் முதலில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு அருகே கேம்பிரிட்ஜ் நகரில் எழுவதாக இருந்தது. நெரிசல் தாங்காது என்று அக்கம்பக்கத்தார் பல ஆண்டுகள் எதிர்த்தார்கள். கடைசியில் பாஸ்டனின் கொலம்பியா பாயின்ட் என்ற, யாரும் விரும்பாத கடலோர இடத்துக்குப் போனது. கட்டடக் கலைஞர் ஐ. எம். பெய் அங்கே எழுப்பிய நூலகம் 1979-ல் திறந்தது. இன்று அது பாஸ்டனின் பெருமைகளில் ஒன்று. கென்னடியின் புகழுக்கு அதனால் எந்தக் குறைவும் வரவில்லை. கைவிடப்பட்ட ஒரு கரைக்குத்தான் உயிர் வந்தது.

ஆர்கன்சாவின் லிட்டில் ராக் நகரில் பில் கிளின்டன் நூலகத்துக்காகப் பூங்கா என்ற பெயரில் தனியார் நிலத்தைக் கையகப்படுத்தினார்கள். நூலகம் எப்படிப் பூங்காவாகும் என்று வழக்கு வந்தது. மாநில உச்ச நீதிமன்றம் 2001-ல் நகரத்தின் பக்கம் நின்றது. அங்கே நலிந்து கிடந்த ஆற்றங்கரை பசுமையானது. நிலம் பூங்காவுக்குள் வந்தது. சிகாகோவில் நிலம் பூங்காவிலிருந்து வெளியே போனது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

சிகாகோவே 2016-ல் இன்னொரு முடிவைக் கண்டது. திரைப்பட இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் தம் அருங்காட்சியகத்தை ஏரிக்கரையில், கார் நிறுத்துமிடமாக இருந்த பொது நிலத்தில் கட்ட விரும்பினார். ‘ஃபிரண்ட்ஸ் ஆஃப் த பார்க்ஸ்’ அமைப்பு வழக்குப் போட்டது. லூகாஸ் லாஸ் ஏஞ்சலஸுக்குப் போய்விட்டார். தார் பூசிய இடத்துக்கே அத்தனை தடை எழுந்த நகரத்தில், ஓம்ஸ்டெடின் பூங்கா மண்ணுக்கு வழி திறந்துவிட்டது.

ஏரிக்கரையிலிருந்து லக்னோவுக்கு

பொது நிலத்துக்கு அரசு அறங்காவலர் மட்டுமே, உரிமையாளர் அல்ல என்ற கோட்பாடு அமெரிக்கச் சட்டத்தில் வேரூன்றியதே இதே சிகாகோ ஏரிக்கரையில்தான். 1869-ல் இல்லினாய் மாநிலச் சட்டமன்றம் ஏரியின் ஆயிரம் ஏக்கருக்கும் மேலான நீரடி நிலத்தை ஒரு ரயில்வே கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தது. சில ஆண்டுகளில் மனம் மாறி ரத்து செய்தது. கம்பெனி வழக்காடியது. 1892-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், மக்களுக்காகக் காக்க வேண்டிய நிலத்தை அரசு அப்படிக் கைகழுவ முடியாது என்று தீர்ப்பளித்தது.

அந்தத் தீர்ப்பின் வழியே வந்த சிந்தனை இந்தியாவுக்கும் வந்தது. பியாஸ் ஆற்றோரம் ஒரு விடுதிக்கு வன நிலத்தைக் குத்தகைக்குக் கொடுத்ததை எதிர்த்த கமல்நாத் வழக்கில், 1996 டிசம்பரில் நமது உச்ச நீதிமன்றம் சிகாகோ வழக்கை எடுத்துக்காட்டி, பொது நம்பிக்கைக் கோட்பாடு இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. 1999-ல் லக்னோவின் ஜண்டேவாலா பூங்கா வழக்கு வந்தது. விடுதலைப் போராட்டக் காலத்து வரலாறு கொண்ட அந்தப் பூங்காவின் அடியில் வணிக வளாகம் கட்ட மாநகராட்சி ஒரு கட்டுமான நிறுவனத்துக்கு அனுமதி கொடுத்திருந்தது. கட்டியதை இடித்துப் பூங்காவை மீட்டுத் தர உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

லக்னோவில் பூங்காவைக் கேட்டது வணிகம். அதை மறுப்பது எளிது. சிகாகோவில் கேட்டது கல்வி, வரலாறு, ஒடுக்கப்பட்ட மக்களின் பெருமிதம். இப்படியான நல்ல நோக்கத்தின் முன்தான் பொது நிலத்தின் காவல் தளர்கிறது. பூங்காவை விழுங்குவது பேராசை மட்டும் என்று நினைக்கிறோம். பள்ளி, மருத்துவமனை, அருங்காட்சியகம், நினைவிடம் என்று மறுக்க மனம் வராத காரியங்களே அதைத் துண்டு துண்டாக எடுத்துச் செல்கின்றன. ஒவ்வொன்றும் தனித்தனியே நியாயமாகத் தெரியும். நூறாண்டு கழித்து மொத்தமாகப் பார்த்தால்தான் போனது எவ்வளவு என்று புரியும்.

இனி என்ன கேட்க வேண்டும்?

பூங்காவில் எதுவுமே கட்டக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கழிப்பறை, விளையாட்டு அரங்கம், சிறு நூலகம் ஆகியவை பூங்காவுக்கு வருவோருக்கே பயன்படுபவை. பூங்கா இல்லாவிட்டாலும் வேறிடத்தில் அதே சிறப்போடு நடக்கக்கூடிய ஒன்று பூங்காவைக் கேட்டால், மூன்று நிபந்தனைகளைச் சட்டமாக்க வேண்டும்.

முதலாவது, வேறு இடம் இல்லை என்பதை நிரூபிக்கும் பொறுப்பு கேட்பவர்மேல் இருக்க வேண்டும். நகரத்தின் கையிலிருக்கும் காலி மனைகள், கைவிடப்பட்ட தொழிற்சாலை நிலங்கள் எல்லாவற்றையும் பட்டியலிட்டு, ஒவ்வொன்றும் ஏன் பொருந்தாது என்று மக்கள்முன் சொல்ல வேண்டும். ஜாக்சன் பூங்கா விஷயத்தில் இந்தப் பொறுப்பு யாரிடமும் இல்லாமல் போனதுதான் மூலக் குறை.

இரண்டாவது, எடுத்த ஏக்கருக்கு ஈடாக அதே சுற்றுவட்டாரத்தில், இதுவரை பூங்காவாக இல்லாத நிலத்தைப் பூங்காவாக்கித் தர வேண்டும். கட்டுமானம் தொடங்குமுன் தர வேண்டும். கூரைமேல் வளரும் புல்லும் மூடிய சாலையும் வரவேற்கத்தக்கவை. வெட்டிய பழைய மரத்தின் நிழலுக்கு அவை கணக்காகா.

மூன்றாவது, நிலத்துக்கு உண்மையான விலை வேண்டும். 83 கோடி டாலர் திரட்ட முடிந்த ஓர் அமைப்பு, 19 ஏக்கருக்குச் சந்தை மதிப்பில் ஒரு பங்கையாவது பூங்கா நிதிக்குக் கொடுத்திருக்க முடியும். அந்தப் பணத்தில் தென்பகுதியின் பராமரிப்பில்லாத சிறு பூங்காக்கள் பல உயிர்பெற்றிருக்கும். 10 டாலர் என்ற விலை, பூங்காவுக்கு மதிப்பே இல்லை என்று அடுத்துக் கேட்க வருபவருக்கும் சொல்லிவைக்கிறது.

அடுத்தவர் வரத்தான் செய்வார். அமெரிக்காவில் ஒவ்வொரு அதிபருக்குப் பிறகும் இன்னோர் அதிபர் வருகிறார். ஒவ்வொருவருக்கும் மையம் வேண்டும், ஒவ்வொருவரின் ஆதரவாளர்களும் நகரத்தின் மிக அழகான இடத்தையே கேட்பார்கள். ஒபாமாவை நேசிக்கும் நகரம் அவருக்கு விதிவிலக்குத் தந்துவிட்டது. நாளை அந்த நகரம் நேசிக்காத ஒருவர் அதே சட்டத் திருத்தத்தையும் அதே ஒப்பந்தத்தையும் காட்டி அதே ஏரிக்கரையைக் கேட்டால், மறுக்க அதனிடம் என்ன காரணம் மிஞ்சும்? பொது நிலத்தின் காவல், நமக்குப் பிடித்தவர் கேட்கும்போதும் மாறாத விதியாக இருந்தால்தான் பிடிக்காதவர் கேட்கும் நாளிலும் அது தாங்கும்.